உடன்கற்றார் பிரிவு: பள்ளியிறுதி விடைபெறல் மொழி பற்றிய ஓர் ஆய்வு

1. பிரிவும் இலக்கணமும்

பிரிவுக்கு இலக்கணம் வகுத்த மொழிகளுள் தமிழ் தலைசிறந்தது. பாலை என்னும் ஒரு திணையையே பிரிவுக்கு உரிமையாக்கியது நம் மரபு. தலைவன் பிரிதற்குரிய காரணங்களைத் தொகுக்கப் புகுந்த தொல்காப்பியர், அகத்திணையியலில் ஓதல், பகை, தூது என்னும் மூன்றையும் முதற்கண் எண்ணுகின்றார். ஓதற்பிரிவு மூன்றாண்டினைக் கடத்தலாகாது எனக் கற்பியலில் எல்லையும் வரையறுக்கின்றார். பின்வந்த நாற்கவிராச நம்பியும் பிரிவு வகைகளுள் ஓதற்பிரிவுக்கு இடந்தந்தார். ஆகவே கல்வியும் பிரிவும் தமிழில் நெடுங்காலத் தொடர்புடையன என்பது தெளிவு.

எனினும் ஈண்டு ஒன்று கருதற்பாலது. இலக்கண நூலார் கூறிய ஓதற்பிரிவு கல்வியின்பொருட்டு இல்லத்தைப் பிரிதலாகும். கற்று முடித்தபின் ஒருசாலை மாணாக்கர் ஒருவரையொருவர் பிரியும் பிரிவுக்கு அவர்கள் தனித்துறை வகுத்தாரல்லர். காதலரைப் பிரிதற்கு நூறு துறை உண்டு. தோழரைப் பிரிதற்குத் துறை இல்லை. புறத்திணையில் நட்பின் பிரிவு கையறுநிலையாகப் பாடப்பட்டதேனும், அது சாவினால் நேர்ந்த பிரிவு. இருவரும் உயிரோடிருக்க, பகையும் குற்றமுமின்றி, காலம் முடிந்தமையால் மட்டுமே நேரும் பிரிவு இலக்கணத்தின் எல்லைக்குப் புறத்தே நின்றுவிட்டது.

இப்பிரிவோ இன்று ஆண்டுதோறும் நிகழ்வது. மதுரை நகரத்துப் பள்ளிகளில் நகரத்துப் பிள்ளைகளோடு மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, அலங்காநல்லூர் ஆகிய ஊர்ப்புறங்களிலிருந்து பேருந்திலும் தொடர்வண்டியிலும் வந்து கற்பவரும், விடுதியில் தங்கிக் கற்பவரும் கலந்திருக்கின்றனர். தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978இல் தொடங்கும்வரை பதினோராம் வகுப்போடு பள்ளி வாழ்வு முடிந்தது. அதன்பின் பன்னிரண்டாம் வகுப்பு இறுதியாயிற்று. எல்லை மாறினும் நிகழ்ச்சி மாறவில்லை. பொதுத்தேர்வின் கடைசித் தாளை எழுதிக் கொடுத்த அன்று, நேற்றுவரை ஒரே பலகையில் அமர்ந்தவர் பல திசைகளில் பிரிகின்றனர்.

இலக்கணம் வகுக்காத இப்பிரிவுக்கு மாணாக்கரும் பிறரும் தாமே மொழியமைத்துக் கொண்டனர். விழாமேடை உரை, திரைப்பாடல், கையொப்ப ஏட்டில் எழுதும் வாசகம் என அது மூவகைப்படும். இவற்றை இலக்கியம் எனலாமோ என்று ஐயுறுவார் உளர். உணர்ச்சி, மரபு, அமைப்பு ஆகிய மூன்றும் உடைய சொற்கோவை திறனாய்வுக்கு உரியதே என்பது நம் கொள்கை. இம்மூன்றையும் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடப்பாகுபாட்டைக் கொண்டு ஆராய்ந்தால், அவற்றின் உயர்வு தாழ்வு விளங்கும்.

2. விழாமேடை: ‘நாங்கள்’, ‘நீங்கள்’

பிரிவு உபசார விழா என்று அழைப்பிதழில் அச்சாகும் நிகழ்ச்சியை மாணாக்கர் ‘ஃபேர்வெல்’ என்றே வழங்குவர். இதில் நோக்கத்தக்கது ‘உபசாரம்’ என்னும் சொல். பிரிகின்றவர் தமக்குத் தாமே விழா எடுப்பதில்லை. கீழ் வகுப்பினர் அவர்க்கு விருந்தளிக்கின்றனர். ஓராண்டு விருந்தளித்தவர் மறுவாண்டு விருந்தினராவர். பிரிவை விருந்தோம்பலுள் அடக்கிய இம்முறை நம் பண்பாட்டுக்கு இயல்பானதே.

அமெரிக்க நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் ஆண்டிறுதியில் ‘பிராம்’ என்னும் நடன விருந்து நிகழும். கல்லூரிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிப் பின்னர்ப் பள்ளிகளுக்குப் பரவிய வழக்கம் அது. அப்பெயர் உலாவுதல் என்னும் பொருளுடைய சொல்லின் குறுக்கமாகும். அங்கே மாணாக்கர் பெரும்பாலும் இருவர் இருவராக இணைந்து வருவர். நம் பள்ளிவிழாவிலோ வகுப்பு முழுவதும் ஓரினமாக அமர்கின்றது. பெண்கள் சேலையும் ஆண்கள் வேட்டியும் உடுத்து வருவதும் அன்று ஒருநாள் முதியோராகத் தோன்றுவதற்கே. அங்கே இணையரின் உலா. இங்கே குழுவின் விருந்து. இவ்வேறுபாட்டை மறந்து ஒன்றை மற்றொன்றின் சாயல் என்பது பொருந்தாது.

மேடையுரையின் மொழி ‘நாங்கள்’, ‘நீங்கள்’ என்னும் இரு சொற்களால் இயல்வது. கீழ் வகுப்பினர் ‘நீங்கள் சென்று வருக’ என்பர். மேல் வகுப்பினர் ‘நாங்கள் விடைபெறுகின்றோம்’ என்பர். முன்னிலையாரை விலக்கிய தன்மைப் பன்மை இது. ஆதலின் இவ்வுரையில் மதிப்புண்டு, நெருக்கம் இல்லை. மேலும் இவ்விழா பெரும்பாலும் தேர்வுக்கு முன்னரே முடிந்துவிடுகின்றது. தேர்வில் வெல்க என்னும் வாழ்த்து முந்திக்கொள்ள, பிரிவு என்னும் பொருள் பின்னடைந்து போகின்றது. மேடையில் உண்மையான பிரிவுமொழி பிறவாமைக்கு இவ்விரண்டுமே காரணம்.

3. திரைப்பாடல்: ‘நாம்’

1963இல் வெளிவந்த ‘இரத்தத் திலகம்’ என்னும் திரைப்படத்தில் கல்லூரி மாணாக்கர் பிரியும்போது பாடும் பாடல் ஒன்றுண்டு. கண்ணதாசன் இயற்ற, கே. வி. மகாதேவன் இசையமைக்க, டி. எம். சௌந்தரராசனும் பி. சுசீலாவும் பாடியது. கல்லூரிக்கென எழுந்த அப்பாடல் பள்ளிகளின் பிரிவு விழாக்களிலும் இடம்பெற்றது. இரண்டு தலைமுறைக்கு அதுவே பிரிவின் மறைமொழி போல நின்றது எனின் மிகையாகாது. அதன் ஆண்குரல் மதுரையிற் பிறந்தவரது குரல் என்பது இந்நகரத்தார்க்கு உவகை தருவது. இயற்றியவரோ எட்டாம் வகுப்போடு பள்ளிக் கல்வியை முடித்துக் கொண்டவர். தாம் துய்த்திராத கல்லூரி வாழ்வின் பிரிவைத் துய்த்தவர் அனைவரும் ஏற்குமாறு பாடினார் என்பது கவியுள்ளத்தின் ஆற்றலுக்குச் சான்று.

இப்பாடலின் வெற்றி எதனால் வந்தது? அது ‘நாம்’ என்னும் உளப்பாட்டுப் பன்மையில் இயங்குவதே காரணம் என்க. வாழ்த்துவோர், வாழ்த்தப்படுவோர் என்னும் பிரிவினை அதில் இல்லை. பாடுவாரும் கேட்பாரும் ஒருவரே. எல்லோரும் பறந்து செல்லும் பறவைகள். மரந்தாவும் குரங்கு, ஓயாது கூவும் குயில் என மாணாக்கர்க்குக் கூறும் உவமைகள் பெருமிதம் அற்றவை, ஆதலின் உண்மையானவை. வருவாயின்றிச் செலவு செய்து மகிழ்ந்ததை நினைவுகூருமிடத்தில் மென்னகையும் இரக்கமும் ஒருங்கே தோன்றுகின்றன. இனி எந்த ஊரில், எந்த நாட்டில், எந்நாள் காண்போம் என்னும் வினாவில் பாட்டு உச்சம் எய்துகின்றது.

அவ்வினா புதியதன்று. கல்வி அதிகாரத்தின் நான்காம் குறளில் வள்ளுவர், பிறர் மகிழக் கூடுதலும் நினையப் பிரிதலும் கற்றறிந்தார் தொழில் என்றார். அதற்கு உரைகண்ட பரிமேலழகர், இனி இவரைக் கூடுவது எங்ஙனம் என்று பிறர் எண்ணுமாறு நீங்குதல் என விளக்கினார். உரையாசிரியர் கூறிய அவ்வெண்ணமும் திரைப்பாடலின் வினாவும் ஒன்றே. கண்ணதாசன் அவ்வுரையை உளங்கொண்டு பாடினாரோ அன்றோ, அஃது ஈண்டு வினாவன்று. இலக்கணம் துறை வகுக்காத உடன்கற்றார் பிரிவுக்குக் குறள் வித்திட்டிருந்தது என்பதே நாம் கொள்ளத்தக்கது. அகப்பொருள் நூல்களில் தேடிக் காணாததை அறநூலின் கல்வி அதிகாரத்தில் காண்கின்றோம்.

ஆயினும் குறளுக்கும் பாட்டுக்கும் வேறுபாடு ஒன்றுண்டு. குறளில் பிரிந்து செல்பவர் ஒருவர். நின்று நினைப்பவர் பிறர். அகப்பாட்டிலும் அவ்வாறே தலைவன் செல்கின்றான், தலைவி இருக்கின்றாள். திரைப்பாடலில் அனைவரும் செல்கின்றனர், நிற்பவர் எவருமிலர். உண்மையில் பள்ளியில் நிற்பவர் ஒருவர் உண்டு, அவரே ஆசிரியர். ஆண்டுதோறும் ஒரு வகுப்பை அனுப்பிவிட்டு, அதே அறையில் அடுத்த வகுப்பை வரவேற்பவர் அவர். நின்று நினைக்கும் பேறும் துன்பமும் அவர்க்கே உரியன. பாட்டில் அவர்க்கு இடமில்லை. தோழமையையே பொருளாகக் கொண்ட பாட்டு ஆதலின் அதனைக் குற்றம் என்னோம். குறை என்னாமலும் இருத்தற்கில்லை.

பின்வந்த திரைப்படங்கள் வேறொரு திசையிற் சென்றன. மேலூர்ப் பகுதியைச் சேர்ந்த சேரன் இயக்கி நடித்த ‘ஆட்டோகிராப்’ 2004இல் வெளிவந்தது. திருமண அழைப்பிதழைக் கையிலேந்தி, பள்ளிக்காலம் தொட்டுத் தன் வாழ்விற் கலந்தவர்களைத் தேடிச் செல்பவனின் கதை அது. 2018இல் வெளிவந்த ‘96’ தஞ்சைப் பள்ளி ஒன்றில் 1996இல் கல்வி முடித்தோர் பல்லாண்டு கழித்துக் கூடுவதைக் கூறுவது. இரண்டும் மக்கள் உள்ளத்தைத் தொட்டவை. எனினும் இரண்டிலும் நாற்பதின்மர் பிரிவு ஒருவனும் ஒருத்தியும் பிரிந்த பிரிவாகச் சுருங்கிவிடுகின்றது. தோழர் பிரிவுக்குத் துறை இல்லாதபோது கலைஞர் அருகிலிருந்த துறையை, அதாவது காதலர் பிரிவை, எடுத்தாண்டனர். மரபின் வெற்றிடம் இவ்வாறே நிரப்பப்படும். இதனால் இழந்தது யாது? காதல் இல்லாதவனுக்கும் பள்ளிப்பிரிவு துயர் தருவதே என்னும் எளிய உண்மையை இழந்தோம்.

4. கையொப்ப ஏடு: ‘நான்’, ‘நீ’

மூன்றாவது வகையாகிய ஏட்டு வாசகமே நம் ஆய்வின் நடுப்பொருள். மாணாக்கர் ‘ஆட்டோகிராப்’ என்றே வழங்கிய சிற்றேடு அது. வண்ண வண்ணத் தாள்களால் ஆகியது. ஒருவர்க்கு ஒரு பக்கம். தேர்வு நெருங்கும் காலத்தில் அது கைம்மாறி வீடு சென்று மறுநாள் திரும்பும்.

இவ்வாசகங்களில் வழிவழி வந்த கருத்துகள் பல. வாழ்க்கையைத் தொடர்வண்டியாகவும் தோழரை இடையில் இறங்குவோராகவும் கூறுதல் ஒன்று. தாளில் எழுதுவது அழியுமாதலின் நெஞ்சில் எழுதினேன் என்றல் மற்றொன்று. நீ மறப்பினும் நான் மறவேன் என்று சூளுரைத்தல் வேறொன்று. தேர்வில் தன் விடைத்தாளைப் பார்த்து எழுதியதை நினைவூட்டும் நகைமொழியும் உண்டு. இக்கருத்துகள் யாரும் யார்க்கும் எழுதத்தக்கன. ஒருவன் முப்பது ஏட்டில் ஒரே வாசகத்தை எழுதுவதும் உண்டு. இதனைக் கொண்டு இவை இலக்கியத் தகுதியற்றவை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் அவ்வாறு தள்ளுமுன் இவ்வாசகத்தின் இயல்பு யாதெனக் காண்டல் வேண்டும்.

இதற்கு நன்னூல் துணைசெய்கின்றது. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் அளித்தற்கு உரியவர் யாவர் எனக் கூறும் பவணந்தியார், ஆசிரியர், உடன்கற்றவர், மாணாக்கர், உரைகாரர் என நால்வரை எண்ணுகின்றார். எத்துணைத் துறைகளில் வல்லவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்பது அடுத்து அவர் கூறும் விதி. இவ்விரு விதிகளையும் சேர்த்து நோக்கின் உடன்கற்றார்க்கு மரபு அளித்த இடம் புலனாகும். ஒருவன் தன் சிறப்பைத் தான் கூறலாகாது. அதனை அறிந்து கூறும் கடமை அவனோடு கற்றவனுக்கு உண்டு. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் தொல்காப்பியரோடு ஒருங்கு கற்றவர் என்று கூறுவது பழைய மரபு. தமிழில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய நூலின் வாயிலிலேயே உடன்கற்றவர் நின்று, இவர் இன்னார், இன்னது செய்தார் என்று சான்று பகர்கின்றார்.

கையொப்ப ஏட்டின் வாசகம் இம்மரபின் எளிய வழித்தோன்றல் எனக் கொள்வது தகும். அது இன்னும் எழுதப்படாத வாழ்க்கை என்னும் நூலுக்கு உடன்கற்றவர் எழுதும் பாயிரம். பாயிரம் ஆக்கியோன் பெயரும் எல்லையும் காலமும் களமும் காரணமும் கூறவேண்டும் என்பது இலக்கணம். நல்ல ஏட்டு வாசகமும் அவ்வாறே குறிப்பான ஒன்றைக் கூறும். மழைநாளில் பேருந்து வாராது போக இருவரும் நடந்த வழியையோ, கட்டணம் செலுத்தும் நாளில் ஒருவன் மற்றவனுக்குச் செய்த உதவியையோ, கணக்கில் தோற்றவன் கபடியில் வென்றதையோ ஓர் அடியில் கூறிவிட்டால், அவ்வடி ஒருவனுக்கே உரியதாகிவிடும். முப்பது ஏட்டிலும் அதனை எழுத இயலாது. பொதுவாசகம் வாழ்த்தாக மட்டும் நிற்க, குறிப்பான வாசகம் சான்றாகின்றது.

இங்கு இயங்கும் இடம் ‘நான்’, ‘நீ’ என்பன. முன்னிலை ஒருமைக்கு இத்துணை உரிமை மேடையுரையிலும் இல்லை, திரைப்பாடலிலும் இல்லை. வகுப்பில் ஒருபோதும் பேசாதவன் ஏட்டில் ‘நீ’ என்று தொடங்கி எழுதிவிட முடிந்தது. இவ்வுரிமையே அவ்வேட்டின் உயிர்.

வாசகத்தின்கீழ் எழுதும் முகவரியும் திறனாய்வுக்குரியதே. நகரத்துப் பிள்ளை தெருப்பெயரும் கதவெண்ணும் எழுதுவான். சிற்றூர்ப் பிள்ளை ஊர்ப்பெயரும் அஞ்சலும் வட்டமும் எழுதுவான். யார் எங்கிருந்து வந்து கற்றார் என்பது பலர்க்கு அன்றுதான் தெரியவரும். பெண்கள் பள்ளிகளில் இம்முகவரிக்கு மற்றொரு துயரம் உண்டு. பள்ளி முடிந்த ஆண்டே மணமுடித்து அனுப்பப்படுவோர் பலராயிருந்த காலத்தில், தான் எழுதும் முகவரி நிலையாதது என்பதை எழுதும்போதே அறிந்தவள் அப்பெண். தலைவன் மீள்வான் என்னும் உறுதியோடு இருத்தல் அகப்பாட்டுத் தலைவிக்கு இயன்றது. இவளோ எந்த ஊரில் இருப்பாள் என்பதே உறுதியில்லை. திரைப்பாடல் கேட்ட வினா ஆண்மாணாக்கர்க்கு ஏக்கமாக ஒலித்தது. பெண்மாணாக்கர்க்கு அது நேர்ப்பொருளுடைய வினாவாகவே இருந்தது. ஒரே வினா இருவர்க்கு இரு பொருள் தந்ததை உணராமல் அப்பாடலை முழுதும் உணர்ந்ததாகக் கூற இயலாது.

5. ஏடு போய்ச் சட்டை வந்தமை

கையொப்ப ஏட்டின் பின் ‘ஸ்லாம் புத்தகம்’ என்பது வந்தது. இதில் வினாக்கள் அச்சிடப்பட்டிருக்கும். விருப்பமான நிறம் எது, உணவு எது, நடிகர் யார், வாழ்வின் குறிக்கோள் யாது என அவை தொடரும். எழுதுபவன் விடைகளை நிரப்பினாற் போதும். இம்மாற்றம் சிறிதாகத் தோன்றினும் பெரியது. முன்னைய ஏட்டில் எழுதுவோன் ஏட்டுக்குரியவனைப் பற்றி எழுதினான். பின்னையதில் தன்னைப் பற்றியே எழுதுகின்றான். ‘நீ’ மறைந்து ‘நான்’ மட்டும் எஞ்சியது. உடன்கற்றார் பாயிரம் தற்கூற்றாக மாறியது. பவணந்தியார் தகாது என்று விலக்கியதையே அச்சிட்ட வினாக்கள் கேட்டு வாங்கின.

மற்றொரு வழக்கம் சட்டையில் எழுதுதல். தேர்வின் கடைசி நாளில் மாணாக்கர் ஒருவர்மேல் ஒருவர் மை தெளித்துக் கொள்வதும், சீருடைச் சட்டையில் பெயரெழுதிக் கையொப்பமிடுவதும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பரவலாகக் காண்பன. இதனைத் தடுக்க ஆசிரியர் வாயிலில் நின்று காப்பதும் உண்டு. நாம் இதனை வெறுங்களியாட்டம் என்று இகழோம். இனி அணியப்படாத சீருடையே இனி எழுதப்படாத ஏடாகின்றது. பள்ளியில் ஆண்டு முழுதும் தாளுக்கு மட்டுமே உரிய மை அன்று உடலுக்கும் உரியதாகின்றது. இதில் உணர்ச்சி உண்டு, நாடகமும் உண்டு. இல்லாதது சொல்லே. சட்டையின் முதுகில் பெயருக்கு மேல் ஒன்றும் எழுத இடமில்லை. தன் முதுகில் எழுதியதை உடுத்தியவன் அப்போது படிக்கவும் இயலாது.

கைபேசிக் குழுக்கள் வந்தபின் முகவரிக்கும் தேவை இல்லாதாயிற்று. பிரிந்த அன்றே குழு அமைந்து, அன்று மாலையே ஒளிப்படங்கள் வந்து சேர்கின்றன. எங்கே காண்போம் என்னும் வினா தன் கூர்மையை இழந்தது. எனவே பிரிவுமொழியே இனி வேண்டா என்று கூறுவார் உளர். நம் கருத்து அதற்கு மாறானது. முகவரி ஏட்டின் ஒரு பயன் மட்டுமே. சான்றுரை மற்றொரு பயன். முன்னதன் தேவை நீங்கியதால் பின்னதன் தேவை நீங்கிவிடாது. நாள்தோறும் செய்தி அனுப்பும் தோழனும், உன்னிடம் நான் கண்ட சிறப்பு இது என்று ஒருமுறையேனும் எழுதித் தருவதில்லை. பதினேழு வயதில், மதிப்பெண் பட்டியல் ஒன்றே தன்னைப் பற்றிய எழுத்துச் சான்றாக அமையவிருக்கும் வேளையில், அதற்கு மாறான மற்றொரு சான்று ஒருவனுக்கு வேண்டும். தேர்வில் தோற்றவனுக்கு அது மிகவும் வேண்டும். அதனைத் தரவல்லவன் உடன்கற்றவனே.

6. முடிபு

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். உடன்கற்றார் பிரிவுக்குத் தமிழிலக்கணம் தனித்துறை வகுக்கவில்லை. எனினும் குறளின் கல்வி அதிகாரமும் நன்னூற் பாயிரமும் அதற்கு அடித்தளம் தருகின்றன. மேடையுரை மதிப்பைத் தந்து நெருக்கத்தை இழந்தது. திரைப்பாடல் நெருக்கத்தைத் தந்தது. ஆயின் ஆசிரியரையும், பெண்டிர்க்குரிய தனித்துயரையும் சொல்லாமல் விட்டது. கையொப்ப ஏடு பொதுவாசகங்களால் நலிவுற்றதேனும், ‘நீ’ என்று விளித்துச் சான்றுரைக்கும் உரிமையைத் தன்பாற் கொண்டிருந்தது. பின்வந்த வடிவங்களில் அவ்வுரிமை தேய்ந்தது.

பள்ளியில் நிற்பவராகிய தமிழாசிரியர்க்கு இங்கு ஒரு கடமை உண்டு. கடிதமும் கட்டுரையும் எழுதக் கற்பிக்கும் அவர், ஆண்டிறுதியில் ஒரு வகுப்பேனும் உடன்கற்றவனைப் பற்றி உண்மையான ஓரடி எழுதப் பயிற்றலாம். பொதுவாசகம் எழுதியவனிடம், இது வேறொருவனுக்கும் பொருந்துமே, அவனுக்கே பொருந்துவது யாது என்று கேட்டாற் போதும். அவ்வினாவுக்கு விடைகாணப் புகும் மாணாக்கன் தன் தோழனை மீண்டும் ஒருமுறை உற்று நோக்குவான். அந்நோக்கிலிருந்து பிறக்கும் ஓரடி, செல்பவன் எவ்வூரில் எந்நிலையில் வாழினும் அவனுடன் செல்லும்.